‘பாப்போம் தம்பி’

கபடி மேட் விரிப்பின் நட்டநடுவில் நின்றுகொண்டு அறிவரசன் வாந்தி எடுத்தான்.

கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு முழுச் சீப்புப் பூவன்பழமும், அதன் தலையில் ஊற்றிய பாட்டில் பாட்டிலான தண்ணீரும், வந்த வழியிலேயே திரும்பிப் போகிறோம் என்று ஒரே முடிவாகக் கிளம்பி வந்துவிட்டன. மேட் புத்தம் புதியது. நீலமும் மஞ்சளுமாக, ரப்பர் வாசனைகூட இன்னும் போகாதது. பெரம்பலூரில் பைப், மோட்டார்க் கடை வைத்திருக்கும் அய்யம்பெருமாள், தன்னுடைய ‘கொள்ளிடம் காளைகள்’ அணிக்காக ஆசை ஆசையாக வாங்கியது. வெளியே மழை என்பதால் அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அதை விரித்து ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் வளைகாப்பு நடந்த மேடையில் நாற்காலி போட்டு அய்யம்பெருமாள் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் தெர்மாகோல் தொட்டில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

தப்பு முழுக்க அறிவரசனுடையதுதான். அதில் பங்கு கேட்டு யாரும் வரப்போவதில்லை.

கபடி ஆட்டக்காரர்கள் எடை போடும் நாளில் பட்டினி கிடப்பார்கள். இத்தனை கிலோவுக்கு மேல் இருந்தால் ஆட முடியாது என்று ஒரு கணக்கு உண்டு. அதற்காகப் பையன்கள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி வியர்வையாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எச்சிலைக்கூட முழுங்காமல் துப்பிக்கொண்டிருந்தான் ஒருவன். அந்தக் கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்த ஒரே ஜீவன் அறிவரசன்தான். அவனுக்கு எடை ஏற வேண்டியிருந்தது.

ஒரு காலத்தில் அவனுக்கு டிப்பர் என்று பெயர். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி எதிரே வந்தால் எப்படி ஒதுங்குவார்களோ, அப்படித்தான் அவன் கபடி பாடிப் போனால் எதிர் அணி ஒதுங்கும். அப்புறம் ஜிம் மாஸ்டர் ஒருவன், மூட்டுவலிக்கும் நல்லது, தெம்புக்கும் நல்லது என்று ஊசி போட்டான். என்ன ஊசி என்று அறிவரசன் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்ற பயம்தான். வடக்கே ஒரு போட்டியில் சிறுநீரை வாங்கிக்கொண்டு போனவர்கள் சொன்னார்கள். மூன்று வருடத் தடை. இந்த மாசியில் அது முடிந்தது. தடையோடு சேர்ந்து உடம்பும் முடிந்திருந்தது. டிப்பர் இருந்த இடத்தில் இப்போது ஒரு சைக்கிள் நின்றது, அதுவும் செயின் தொங்கிய சைக்கிள்.

இவ்வளவு மெலிந்தவனை எந்த அணியும் எடுக்காது. ஆகவே பழம். முள் நகர்ந்தது, எடை போட்டவர் தலையாட்டினார். அதுவரைக்கும் திட்டம் சரிதான். அதே வயிற்றோடு பாட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் திட்டம் போட்டவன் யோசிக்கவில்லை.

முதல் முறை பாடிப் போனபோது எதிர்ப் பக்கத்துப் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். மேடையில் அய்யம்பெருமாள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்ததைக்கூடப் பார்த்தான். இரண்டாம் முறை போனபோது, ஓரத்தில், கார்னரில் நின்ற கேப்டன் வீரமணி கணுக்காலைப் பிடித்தான். பின்னாலேயே ஒருவன் வயிற்றின் மேல் விழுந்தான். எழுந்து நின்ற அறிவரசன் மூச்சு வாங்கத்தான் வாயைத் திறந்தான்.

யாரோ ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், மறுபடியும் எதையோ போட்டுட்டு வந்துருக்கான்டா என்று சொன்னது தூண் மறைவையும் தாண்டிக் கேட்டது. விரிப்பில் கிடந்ததைக் குனிந்து பார்த்தால் அது பூவன்பழம்தான் என்று யாருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் குனிந்து பார்க்கிற மாதிரியான பொருளா அது.

“பயப்படாதீங்க, வெறும் பழந்தான்” என்றான் அறிவரசன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

வீரமணிதான் சமையல்கட்டிலிருந்து வாளியும் பினாயிலும் கொண்டுவந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே அணி, ஒரே தட்டு. இப்போது இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனுமாக மண்டியிட்டு விரிப்பைத் துடைத்தார்கள். வீரமணி துணியைப் பிழிந்து போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டான்.

அய்யம்பெருமாள் மேடையிலிருந்து இறங்கி வந்து அறிவரசனின் தோளைத் தட்டினார். ஒடம்பப் பாத்துக்க என்றார். சரிங்கண்ணே, நம்ம விசயம், என்று இழுத்தான்.

“பாப்போம் தம்பி. போன் பண்றேன்.”

அந்தப் போனைத்தான் அவன் நம்பியிருந்தான். அணிகள் ஆள் எடுத்து ஒப்பந்தம் போடுகிற கடைசி வாரம் அது. இதை விட்டால் இனி அடுத்த வருடம்தான், அடுத்த வருடம் அவனுக்கு முப்பது தாண்டிவிடும். இன்னொரு பக்கம் அவன் மச்சினன் முத்தமிழ்செல்வன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இடம் பிடித்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்லியாக வேண்டும், திங்கட்கிழமை வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அணி எடுத்துக்கொண்டால் ஊரிலேயே இருந்து ஆடலாம். எடுக்கவில்லையென்றால் விக்கிரமங்கலத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். திருப்பூருக்குப் போனவன் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்குக் கபடி ஆடத் திரும்பி வந்ததாக இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

அறிவரசனின் மனைவி சுமதி அரியலூரில் துணிக்கடையில் நிற்கிறவள். நாள் முழுக்க, எடுக்க மாட்டோம் என்று சொல்லாமல் புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு எழுந்துபோகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். அவள் கோபிக்கவில்லை. “ஏங்க, ஆவுமா ஆவாதா, ஒரு வார்த்த. அத மட்டும் கேட்டுட்டு வாங்க” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைத் தேடித்தான் வெள்ளிக்கிழமை அலைந்தான்.

முதலில் கோச் கிருஷ்ணமூர்த்தி சார். அவர் அறிவரசனைப் பார்த்ததும் ஸ்கூட்டரைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தபடி, ஆட்டத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒன்றும் இல்லை, முதலாளியைக் கேள், காசு போடுகிறவர் அவர் என்றார். பெரம்பலூர் பஸ் ஏறிக் கடைக்குப் போனால் முதலாளி, ஆட்டம் கோச்சோட பொறுப்பு, நமக்கு பைப்பும் மோட்டாரும்தானே தெரியும் தம்பி என்றார். இருவரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் அறிவரசனை எடுப்பதில் இந்த உலகத்தில் யாருக்கும் ஆட்சேபணையே இல்லை. எடுக்கத்தான் ஆள் இல்லை.

ஆனால் உபசாரத்தில் குறை சொல்ல முடியாது. அய்யம்பெருமாள் எழுந்து வந்து நாற்காலி போட்டார். காபி வந்தது. பஜ்ஜி வந்தது. அம்மா எப்படி இருக்காங்க, அவங்க ஊரு செந்துறைப் பக்கம் மழையா, முந்திரி எப்படி என்று கேட்டார். இரண்டாவது பஜ்ஜியை அறிவரசன் தட்டிலேயே வைத்துவிட்டான். எடுக்கப்போகிற ஆட்டக்காரனுக்கு யாரும் இவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள். ஒப்பந்தம் போடப்போகிறவனை, போய்ட்டு நாளைக்கு வாடா என்று விரட்டுவார்கள். பஜ்ஜி போடுவது துக்கம் விசாரிக்கிற வகை.

இருந்தாலும் கேட்டான். அண்ணே, முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லிடுங்க, எனக்கு வருத்தமில்ல. அய்யம்பெருமாள் முகம் சுருங்கிவிட்டது, ஏதோ அவன்தான் அவருக்குக் கடன் மறுத்தது போல. சே சே, என்ன பேச்சு இது, பாப்போம்னுதானே சொன்னேன் என்றார். சங்கடம் தாங்காமல் ரேக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் திருகு குழாயை எடுத்து, புது மாடல், வீட்டுக்கு வச்சுக்க என்று கையில் திணித்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனிடம் சுமதி கேட்டாள்.

“என்ன சொன்னாரு?”

“கொழா குடுத்தாரு.”

அவள் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம்ம வூட்ல அடி பம்புதான இருக்கு என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களையப் போனாள். அரிசி களைய அவ்வளவு நேரம் ஆகாது.

சனிக்கிழமை காலையில் அய்யம்பெருமாளின் போன் எடுக்கப்படவில்லை. அப்புறம் எடுக்கப்பட்டு, கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. கூட்டத்துக்குப் பின்னால் மோட்டார் இரைகிற சத்தம் கேட்டது. அறிவரசன் யோசித்தான். முதலாளியும் சொல்லவில்லை, கோச்சும் சொல்லவில்லை. இருவரும் பார்க்கிற அதே ஆட்டத்தை உள்ளே நின்று பார்த்தவன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் போகாமல் ஊரெல்லாம் சுற்றியதற்குக் காரணம் அவன் ஒருவன்தான் பஜ்ஜி வாங்கித் தர மாட்டான் என்பது.

வீரமணி லோடு ஆட்டோவில் தண்ணீர் கேன் போடுகிறான். திருமானூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஓட்டல் வாசலில் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தான். அறிவரசனைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. எப்போது வருவாய் என்றுதான் இருந்தேன் என்கிற மாதிரி ஒரு பார்வை. ஆட்டோவில் ஏறு, பேசிக்கொண்டே இறக்கலாம் என்றான். அறிவரசன் ஏறவில்லை. தானும் ஒரு கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தான். கேனோடு நின்றுகொண்டு கேட்டால் தனக்குச் சிரிப்பு வராது என்று நினைத்தான்.

“மாப்ள, என்னய எடுப்பாங்களா?”

“மாட்டாங்க.”

அவ்வளவு சுலபமாக இருந்தது. இரண்டு நாள் அலைந்து கேட்ட கேள்விக்கு, ஓட்டல்காரர் காலி கேனை எடுத்து வைக்கிற நேரத்தில் பதில் வந்துவிட்டது. அறிவரசனுக்குத் தோளில் கேன் இருப்பதே மறந்துபோனது. பழம் தின்னதுதான் காரணமா என்று கேட்டான். ஏதாவது ஒரு காரணம் பழமாக இருந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

“பழமில்லடா. முதலாளி எங்கிட்டதான் கேட்டாரு, நீ கேப்டன், நீ சரின்னா எடுக்குறேன்னாரு. நாந்தான் வேணாம்னேன்.”

ஓட்டலுக்குள் யாரோ தோசையைத் திருப்பினார்கள். வீரமணி அறிவரசனின் தோளிலிருந்த கேனைத் தான் வாங்கி இறக்கி வைத்தான். அப்புறம் சொன்னான். அறிவரசன் ஊசியில் பிடிபட்ட வருடம், வீரமணிக்கு விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வேலை கிடைக்கப்போகிற நேரம். அந்த அணிப் பையனா நீ, பாப்போம் தம்பி என்றார்களாம். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றான். சொல்லும்போது அவன் குரலில் பழி எதுவும் இல்லை, ஓட்டலில் நாளைக்கு எத்தனை கேன் வேண்டும் என்று கேட்கிற குரல்தான். அதுதான் அறிவரசனைச் சுருட்டியது. இந்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட, அந்த ஊசி வேறு யார் உடம்பில் ஏறியது என்று அவன் யோசித்திருக்கவில்லை.

“எங்கிட்ட சொல்லவே இல்லியேடா.”

“சொல்லி? கார்னர்ல நாம ரெண்டு பேரும் கை கோத்து நிக்கணும். எதிராளி பாடி வர்றப்ப நான் அவன் காலத்தான் பாக்கணும். ஒன் கையப் புடிச்சிக்கிட்டு, இவன் இன்னைக்கு எதைப் போட்டுட்டு வந்துருக்கானோன்னு ஒன்னையே பாத்துக்கிட்டு நின்னா எப்புடி புடிக்கிறது? அதான் வேணாம்னேன். அடுத்த வருசம் கேட்டாலும் வேணாந்தான் சொல்லுவேன். நீ திருப்பூர் போ.”

அறிவரசன் சரி என்றான். சரி என்றுதான் சொல்ல முடிந்தது. வீரமணி ஆட்டோவில் ஏறிச் சாவியைத் திருகினான். அறிவரசன் கிளம்பப் போகிற வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் கேட்டிராத ஒன்றை, மனைவியிடம்கூடக் கேட்கத் துணியாததைக் கேட்டான்.

“மாப்ள, பொய் சொல்லாம சொல்லு. அந்த ஊசி இல்லாம நான் தேறியிருப்பனா?”

வீரமணி வண்டியை அணைத்தான்.

“தேறியிருப்ப. ஊசிக்கு முன்னாடி ஆடுனியே ஜெயங்கொண்டத்துல, அந்த ஆட்டத்த நீ அப்பறம் ஆடவே இல்ல. ஒனக்கு அது தேவையே படலடா.”