வீண் அசைவு

திரையில் அந்த மனிதன் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடியே மாவுத் தொட்டிக்குள் விழுகிறான், எழுகிறான், வெள்ளை முகத்தோடு மறுபடியும் நேரம் பார்க்கிறான், அரங்கு முழுவதும் சிரிக்கிறது, பக்கத்தில் என் மனைவி கோமதி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், ஏங்க, உங்களை மாதிரியே இருக்கான் பாருங்க என்கிறாள், ஆமாம், நானும் அப்படியொரு கடிகாரத்தோடு ஆலை ஆலையாகப் போய், யார் கை மெதுவாக ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்துப் பிழைத்தவன்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை, களைப்பாக இருக்கிறது, கண்ணை மூடினால் சோப்பு வாசனை.

திருநெல்வேலிக்கு வெளியே ஒரு சோப்பு ஆலை, நீள மேசை, காகிதம் சுற்ற ஒருத்தி, பெட்டியில் அடுக்க ஒருத்தி என்று சோடி சோடியாக இருபத்திரண்டு பெண்கள், மெதுவான இரண்டு பேரைச் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன் என்கிறார் மேலாளர், மூன்று நாள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன், பேச்சியம்மாள் மட்டும் ஒவ்வொரு சோப்புக்கும் நான்கு விநாடி கூடுதலாக எடுக்கிறாள், மற்றவர்கள் சுற்றியதை அப்படியே தள்ளிவிட, இவள் பாதி எழுந்து, கையை நீட்டி, அடுத்திருக்கும் செபஸ்தியம்மாளின் இடப்பக்கம் கொண்டுபோய் வைக்கிறாள், வீண் அசைவு என்று எழுதிக்கொள்கிறேன், ஒரு பெயர் கிடைத்தாயிற்று, இரண்டாம் நாள் மத்தியானம் அவர்களே என்னைக் கூப்பிடுகிறார்கள், வாங்க சார், ஒரு வாய் சாப்பிடுங்க, எங்க வேலைக்கு உலை வைக்க வந்தாலும் உங்களுக்கும் வயிறு இருக்குல்லா, செபஸ்தியம்மாள் இடக்கையால் குழம்பு ஊற்றுகிறாள், எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது, ஆனாலும் பிசைந்து சாப்பிடுகிறேன், மெதுவாத் தின்னுங்க சார், நாங்க நேரம் பாக்க மாட்டோம் என்கிறாள்.

மூன்றாம் நாள் பேச்சியம்மாள் தண்ணீர் குடிக்கப் போகிறாள், அவள் இடத்தில் உட்கார்ந்தவள் நேராகத் தள்ளுகிறாள், சோப்புகள் செபஸ்தியம்மாளின் வலப்பக்கம் குவிந்து சரிந்து தரையில் விழுகின்றன, அப்போதுதான் அந்த வலக்கையைப் பார்க்கிறேன், சோப்புக் காரத்தில் வெந்து மடங்கிப்போன விரல்கள், எதையும் பிடிக்க முடியாத விரல்கள், குழாயடிக்குப் போய், ஏம்மா, மொதல்லயே சொல்லியிருக்கலாமே என்கிறேன், சொன்னா ரெண்டு பேரு பேரையும் எழுதிருவீகளே சார், என் பேரோட போவட்டும்னு இருந்தேன் என்கிறாள் பேச்சியம்மாள், நீ போயிட்டா அவங்களுக்கு யாரு எடுத்து வைப்பா என்றால், யாராவது வைப்பாக சார், மனுசங்கதான.

காலையில் திருநீறு பூசிக்கொண்டு, என்னால் யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று வேண்டிவிட்டு வந்தவன் நான், திரும்பிப் போய் செபஸ்தியம்மாளை எழுந்திருக்கச் சொல்கிறேன், அவள் முகம் வெளுக்கிறது, பேர எழுதியாச்சா சார், இல்லம்மா என்று அவள் முக்காலியைத் தூக்கி மேசைக்கு எதிர்ப்பக்கம் போடுகிறேன், இனி நேராகத் தள்ளினாலே இடக்கைக்கு வந்துவிடும், இருபத்திரண்டு பேரும் தேவை என்று எழுதிக் கொடுத்தேன், மேலாளர் படித்துவிட்டு என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை, அந்த ஆலை அப்புறம் என்னைக் கூப்பிடவில்லை, அடுத்த ஆண்டு வேறொருவன் போயிருப்பான், என்ன எழுதினானோ, மற்ற ஆலைகளில் நான் எழுதிக் கொடுத்த பெயர்கள் எத்தனை, அந்தக் கைகளையெல்லாம் இப்படிப் பார்த்தேனா, ஒரு நாளைக்கு ஒரு நல்லது செய்ய இறைவன் இடம் வைத்திருக்கிறான், அன்றைக்காவது அது என் கண்ணில் பட்டதே என்று தேற்றிக்கொள்கிறேன், தூங்கிட்டீங்களா, பாருங்க என்று கோமதி தோளைத் தட்டுகிறாள், பார்க்கிறேன், திரை வெளிச்சத்தில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், முக்காலி இடம் மாறியும் கைப்பழக்கம் மாறவில்லை, பாதி எழுந்து, கையை நீட்டி, அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கிறாள், ஏ பேச்சி, நேராத் தள்ளுட்டீ, இப்ப அது எனக்குச் சோத்துக்கைப் பக்கம்லா என்று செபஸ்தியம்மாள் அதட்டுகிறாள், மேசை முழுவதும் சிரிக்கிறது, அரங்கு சிரிக்கிறது, விநாடிகள் வீணாகப் போய்க்கொண்டிருக்கின்றன, நான் எதையும் எழுதவில்லை.