கேட் விழுந்த கதை, மச்சான் திருத்தியபடி

1

நான் ஒரு கம்பியை வெட்டினேன்; மூன்று குன்றுகளுக்கு அப்பால் ஒரு பணக்காரனின் இரும்புக் கேட் குப்புற விழுந்தது.

நம்ப வேண்டாம். நான் காலமெல்லாம் பேருந்து நடத்துனராக இருந்தவன். "பின்னாடியே காலி வண்டி வருது" என்று நான் சொன்னதை ஒரு பயணிகூட நம்பியதில்லை. அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. அதனால் வாசகரே, படியில் தொங்காமல் உள்ளே தள்ளி நின்றுகொள்ளுங்கள், சொல்கிறேன்.

இந்தக் கதை எங்கள் சமையலறை மேசையில், கோபத்தில் பிறந்தது. நாளை காலை வனத்துறை அலுவலகத்தில் விசாரணை. எங்கள் குழுத் தலைவி சிஸ்டர் மேல் புகார். "நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க" என்று அவர் கேட்டார். எழுத உட்கார்ந்தேன். அது கதையாகக் கிளம்பிவிட்டது.

எதிர் நாற்காலியில் மச்சான், என் மனைவியின் தம்பி. பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆயுள் முழுக்க உடைந்த பிஸ்கட்டை ஒதுக்கிய கை, இப்போது என் வாக்கியங்களை ஒதுக்குகிறது.

"மூணு குன்றா? அங்க இருக்கறதே ஒண்ணுதான் அத்தான்."

"அப்ப கேட் விழுந்தது நிஜம்?"

"நான் குன்றைப் பத்தித்தான் சொன்னேன்."

இந்தப் பதிலை முந்தியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவிழ்ப்போம்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

"கானகத்தின் மடியில் பொழுது புலர்ந்தபோது..." (நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வழியில் வேன் பஞ்சர்.)

"சிஸ்டர் ஒரு பெண் சிங்கம்..." (இதைப் படித்தால் சிஸ்டர் எனக்கு ஊசி போடுவார். மருந்து இல்லாமல்.)

"மனிதன் வேலி போடத் தொடங்கிய நாளிலிருந்து..." (மச்சான் கொட்டாவி விட்டான்.)

சரி, நேராகவே வருகிறேன். எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் காடு அரசாங்கத்துக் காடு, அதாவது எல்லோருடையதும். ஒரு காலத்தில் மாடு மேய்க்கக் குத்தகைக்கு விட்டு, முள்கம்பி வேலி போட்டு அறை அறையாகப் பிரித்தார்கள். மாடும் போயிற்று, குத்தகையும் போயிற்று, கம்பி மட்டும் நின்றது. சில இடங்களில் மரம் வளர்ந்து கம்பியை விழுங்கியே விட்டது. அனுமதி வாங்கி அதை அகற்றுவதுதான், ஓய்வு பெற்றவர்களான எங்கள் குழுவின் வேலை. சம்பளம் கிடையாது. கீறலுக்கு மருந்து இலவசம், ஏனென்றால் எங்கள் தலைவி அறுவை சிகிச்சை அறையில் தாதியாக இருந்தவர். மரத்துக்குள் புதைந்த கம்பியை அவர் உருவும்போது மரத்துக்கே வலிக்காது.

அவர் எங்களுக்கு வைத்திருப்பது ஒரே விதி: "முதல்ல தளர்த்து, அப்புறம் வெட்டு." விறைப்பாக இருக்கும் கம்பியை அப்படியே வெட்டினால் அது சவுக்கு போலத் திரும்பி வந்து கண்ணைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

3

இந்தப் பகுதியில் நான் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. மச்சானும் இங்கே குறுக்கிடவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் குளம். காட்டில் கோடையிலும் வற்றாத குளம் அது ஒன்றுதான். இந்தப் பக்கம் ஒரு மான்குட்டி. தாண்டப் பார்த்திருக்கிறது. மேலே இருந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே பின்னங்கால் சிக்கி முறுக்கிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியது. முன்னங்கால் எட்டிய மட்டும் மண்ணைச் சீய்த்திருந்தது. அங்கே ஒரு பள்ளம். உடம்பு இன்னும் விறைக்கவில்லை.

தண்ணீர் அதன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

சிஸ்டர் மண்டியிட்டு அதன் காலை விடுவித்தார். ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

4

பழைய வேலி என்றால் கிழவனின் கால்சட்டை மாதிரித் தொய்ந்து கிடக்கும். இந்தக் கம்பியோ சுண்டினால் பாடியது. அப்போதே யோசித்திருக்க வேண்டும்: இத்தனை காலம் ஆளில்லாத வேலியை அந்தப் பக்கமிருந்து யார் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்?

யோசிக்கவில்லை. கம்பி வெட்டும் கத்தரியை எடுத்தேன்.

"தளர்த்துங்க முதல்ல," என்றார் சிஸ்டர்.

வெட்டினேன்.

கம்பி என் காதோரம் சீறிக்கொண்டு போனது. தொப்பி பறந்து, ஒரு பருந்து அதைக் கவ்விக்கொண்டு

("அத்தான்.")

தொப்பி பக்கத்துப் புதரில் விழுந்தது. பிறகு குன்றுக்கு அந்தப் பக்கம் பெரிய இரும்புச் சத்தம் ஒன்று. பறவைகளெல்லாம் எழுந்தன.

ஓட முடிந்தவர்கள் ஓடினோம், மற்றவர்கள் நடந்தோம். குன்றைச் சுற்றிப் போனால், காட்டோரம் ஒரு பணக்காரன் கட்டியிருக்கும் சுற்றுலா விடுதியின் கேட் தரையில் படுத்திருந்தது. அதன் தூணில் நாங்கள் வெட்டிய கம்பியின் மறுமுனை சுற்றியிருந்தது. அப்போதுதான் விளங்கியது. விடுதிக்காரன் காங்கிரீட் போடாமல் நட்ட தன் கேட் தூணை, சாயாமல் நிற்கக் காட்டின் வேலியோடு இழுத்துக் கட்டிவிட்டான். அந்தப் பழைய வேலிதான் தன் எல்லை என்று சொல்லிச் சொல்லி, குளத்தையும் சேர்த்து உள்ளே வளைத்துப்போட்டான். திருடுவதற்குக்கூடச் சொந்தக் கம்பி வாங்காத ஆள்.

5

விடுதிக்காரனைக் கதாபாத்திரமாக எழுதுவதில் எனக்குச் சிக்கல். உருட்டு விழி, உறுமும் குரல் என்று எழுத ஆசை. உண்மையில் மெல்லிய ஆள். "ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று எங்களுக்குச் செம்பு நிறையக் கொடுத்தவன். அந்தக் குளத்துத் தண்ணீரை. நானும் தாகத்தில் குடித்துவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் கேட் புதுக் காங்கிரீட்டில் நின்றது. சுற்றியிருந்த கம்பியைக் காணோம். கூடவே புகாரும் வந்தது: நாங்கள் எல்லோரும் அவன் நிலத்துக்குள் புகுந்து கேட்டைத் தள்ளிச் சாய்த்தோமாம். எங்களில் பாதிப் பேருக்கு ஊறுகாய்ப் புட்டியைத் திறக்கவே ஆள் வேண்டும். அனுமதி சிஸ்டர் பெயரில் இருந்ததால் குற்றமும் அவர் தலையில். வெட்டியது நான் என்று போய்ச் சொன்னேன். "உங்க தலைமையில நடந்ததுதானே?" என்று அதிகாரி அவரைத்தான் கேட்டார். நாளை தோற்றால் அவர் மேல் வழக்கு, எங்கள் அனுமதி ரத்து, குளத்தைச் சுற்றிய மிச்ச வேலி அப்படியே நிற்கும். அடுத்த கோடையில் அடுத்த குட்டி.

நான் சாட்சி சொல்லலாம்தான். ஆனால் ஒரு தடவை என் பேருந்தில் யானை டிக்கெட் எடுத்தது என்று இதே அதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன். கேட் விழுந்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை, அது தானாகவே சாய்ந்தது என்று பார்த்தவர் சொல்ல வேண்டும். பொய் சொல்லவே தெரியாத ஆளாக இருக்க வேண்டும்.

6

மச்சான் என்ற கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம்.

அவன் அன்று எங்கள் வேனில்தான் வந்தான், வேலி பிடுங்க அல்ல. விடுதி வாசலில் இறங்கிக்கொண்டான். அவன் மகனுக்கு அந்த விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை. வெகுநாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்து கிடைத்த வேலை. மகனுக்குச் சாப்பாடு கொண்டுபோனான்.

"அப்ப நீ வாசல்லதானே இருந்தே?"

"உள்ள டீ குடிச்சிட்டிருந்தேன். எதையும் பாக்கல."

"சத்தம் கேட்டிருக்குமே?"

"நீங்க சொல்ற சத்தம் எல்லாம் எனக்குக் கேக்கறதில்ல அத்தான்."

அப்போது என் மனைவி அலமாரியைத் திறந்து ஒரு பொருளை எடுத்து, என் தாள்களுக்கு நடுவே டொக்கென்று வைத்தாள். அன்று அவன் சாப்பாடு கொண்டுபோன எவர்சில்வர் தூக்கு. அதாவது, முன்பு தூக்காக இருந்தது. இப்போது தட்டு என்று சொன்னால் கடைக்காரன்கூட நம்புவான்.

"இதையும் எழுதிக்கோங்க," என்றாள் என்னிடம். தம்பி பக்கம் திரும்பினாள். "கை தவறிக் கீழ போட்டேன்னு சொன்னியே. எங்கேருந்துடா போட்டே, விமானத்துலேருந்தா?"

மச்சான் தூக்கைப் பார்த்தான்.

"அவனுக்கு வேலை போயிடும்க்கா."

"போகலாம். அந்த சிஸ்டர்தான் உன் பிள்ளையைக் காய்ச்சல்ல விடிய விடிய மடியில வச்சிருந்தாங்க. அதுவும் எழுதறாரான்னு பாரு."

(எழுதிவிட்டேன்.)

7

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

ஒன்று: சிஸ்டர் வெல்கிறார், விடுதிக்காரன் தன் கையாலேயே வேலியைச் சுருட்டுகிறான், குளத்தில் மான்கள் வரிசையில் நிற்கின்றன. எனக்குப் பிடித்த முடிவு. ஒருவரும் நம்பமாட்டீர்கள்.

இரண்டு: சிஸ்டர் தோற்கிறார். எல்லோரும் உடனே நம்புவீர்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு திருட்டை நம்ப உங்களுக்கு அரை நொடி போதும். கிழவன் சொல்லும் நிஜத்துக்கு மட்டும் அத்தாட்சி வேண்டும்.

மூன்று: நாளை காலை நான் ஒரு பக்கத்தில், பருந்தும் யானையும் இல்லாமல்

மூன்றாவதை முடிக்கப்போவதில்லை. நாளை அந்த அறையில் என்ன ஆயிற்று என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் வாசகரே. நான் இங்கே இறங்க வேண்டும். பேனாவை மூடி, தூக்கின் மேல் வைத்தேன்.

மச்சான் என் முதல் தாளைத் தேடி எடுத்தான். பேனாவின் மூடியைத் திறந்து என் கையில் கொடுத்தான்.

"மூணு குன்றுன்னு எழுதினதை அடிங்க அத்தான்."

அடித்தேன்.

"ஒண்ணுன்னு போடுங்க."

போட்டேன்.

"தூணுக்குக் கிட்ட ஈ காக்கா இல்ல. தூக்கைத் தூணோரமா வச்சிட்டுப் பையனைக் கூப்பிடத் திரும்பினேன். கம்பி தளர்ந்துது. தூண் தானா சாஞ்சுது."

நசுங்கிய தூக்கைத் தன் பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"கேட் விழுந்துது அத்தான். நான் பார்த்தேன்."