பதினோராம் பக்கம்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாவின் இடது கன்னத்தை மழித்துவிட்டு ரேசரைக் கிண்ணத்தில் அலசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டே விட்டார்.

“படிச்சிட்டியா?”

ஒரு வாரமாக இந்தக் கேள்விக்குத்தான் மகள் பயந்துகொண்டிருந்தாள். இன்றோ நாளையோ என்று டாக்டர் காலையில் கைவிரித்திருந்தார். அப்பா ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். கடந்ததையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு நகரும் ஒருவகைப் பின்ன வகைக்கெழுச் சமன்பாடுதான் அவர் ஆராய்ச்சி. அதற்குத் தீர்வு ஒன்றே ஒன்றுதான், இன்னொன்று இருக்கவே முடியாது என்று நிறுவ ஒன்பது வருஷம் மல்லுக்கட்டியவர். அந்த நிறுவலின் நாற்பது பக்கங்களைப் படித்துச் சொல்ல, கல்லூரியில் அதே பாடம் நடத்தும் மகளைத் தவிர அவருக்கு ஆள் இல்லை.

“படிச்சிட்டேம்ப்பா.”

“சரியா இருக்கா?”

ஜன்னலோரத்திலிருந்து அம்மா, ஆமாம் என்று சொல்லும்படி ஜாடை காட்டினாள். மகளுக்கு வாய் வரவில்லை. கணக்கில் பூசி மெழுகினால் நோட்டையே கிழித்துப் போட்டவர் அவர்.

“பதினோராம் பக்கத்துல இடிக்குதுப்பா. எதை நிறுவணுமோ, அதையே உண்மைன்னு எடுத்துக்கிட்டு மேல போயிட்டீங்க.”

அவர் கண்ணை மூடினார். வலது கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில், “பேப்பர், பென்சில் குடு,” என்றார்.

கொடுத்துவிட்டு நிமிர்ந்தவளை அம்மா வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

“இன்னைக்குத்தான் சொல்லணுமா? ஒரு பொய் சொன்னா உன் நாக்கு அழுகிடுமா? அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கடி!”

அம்மா அழுது ஓய்ந்து இருவரும் உள்ளே திரும்பியபோது, நர்ஸ் அவர் மணிக்கட்டை விட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதிக் கன்னத்தையும் மகளே மழித்தாள். கை நடுங்கவில்லை. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

உடலை எடுத்துப் போன பிறகு, கட்டில் விரிப்பை உருவ வந்த ஆயா தயங்கி நின்றாள்.

“இதுல என்னமோ எழுதியிருக்காரும்மா.”

தாளில் இடம் போதாமல் விரிப்பிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தார். மகள் குனிந்து படித்தாள். ஐந்தாவது வரியில் அதே தப்பு, வேறு வேஷத்தில்.

“சரி பண்ணிட்டாராடி?” அம்மா கேட்டாள்.

அவள் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துத் தூக்கினாள். அம்மா எதிரே வந்து மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டாள். எழுத்து உள்பக்கம் போகும்படி இருவருமாக மடித்தார்கள்.