கிழக்கு முகத்தில் ஒரு நிழல்

"இஸ்திரிப் பெட்டியை அணைச்சீங்களா?" என்று அவள் வாக்கி-டாக்கியில் கேட்டாள்.

"அணைச்ச மாதிரிதான் ஞாபகம்," என்றது கணவனின் குரல். பாதியைக் காற்று தின்றுவிட்டிருந்தது.

"மாதிரின்னா?"

"மேடம், நான் கயித்துல தொங்கிட்டிருக்கேன். இங்கேருந்து நம்ம தெரு நல்லாத் தெரியுது. புகை வந்தா முதல் ஆளா உங்களுக்குத்தான் சொல்லுவேன்."

"கொழுப்பு. இறங்கி வாங்க, பேசிக்கறேன்."

அவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

அவள் இருந்தது அந்த அலுவலகக் கட்டடத்தின் தரைக்குக் கீழே, கன்ட்ரோல் ரூமில். ஜன்னல் இல்லாத அறை. வெளியே மழையா வெயிலா என்பதைக்கூட எதிரிலிருந்த பெரிய திரையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கட்டடம் பழையது. இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று பலர் சொல்லியும், முதலாளிகள் எலும்புக்கூட்டை அப்படியே விட்டுவிட்டு வெளிச்சுவரை மட்டும் உரித்தெடுத்தார்கள். அந்த இடத்தில் மின்சாரம் தயாரிக்கும் கறுப்புக் கண்ணாடிகளைத் தலையிலிருந்து கால்வரை போர்த்தினார்கள். "அறுபது வயசுக்காரருக்குப் புது கோட்டு," என்று பராமரிப்பு மேனேஜர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

திரையில் ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு கட்டம். வெயில் படும்போது கட்டம் பச்சையாக எரியும், நிழல் விழுந்தால் மங்கும். கயிற்றில் ஓர் ஆள் இறங்கினால் அவன் முதுகில் படும் வெயில் கண்ணாடிக்குப் போகாது. அந்தக் கட்டம் இருளும். அவன் அடுத்த மாடிக்கு வந்தால் இருட்டும் கூடவே வரும். ஆளைக் கண்ணால் பார்க்காமலே அவன் எங்கே தொங்குகிறான் என்று சொல்லிவிடலாம். அவள் அப்படித்தான் தன் கணவனைக் காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேலையாட்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் பல்லி. கண்ணாடி கழுவுகிறவர்கள் நிழல் பக்கமாகத் தேடித் தொங்குவார்கள். பல்லியின் வேலை அப்படி இல்லை. கண்ணாடிக்குள் ஏதாவது கம்பி பழுதாகியிருந்தால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சுடும். அதை வெப்பக் கேமராவில் பிடிக்க வேண்டுமென்றால் கண்ணாடி வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், அதாவது வெயில் அதன் மேல் அறைய வேண்டும். அதனால் காலையில் கிழக்கு முகம், மாலையில் மேற்கு முகம்.

இடையிடையே அவன் பக்கத்து வரிசைக்கு ஓர் ஊஞ்சல் ஆட்டம் போட்டுவிட்டு வருவான். திரையில் இரண்டு கட்டங்கள் மாறி மாறிக் கண்ணடிக்கும். அது அவளுக்கான சலாம். "பல்லி சத்தம் போடுது," என்று பக்கத்து நாற்காலிக்காரி கேலி செய்வாள்.

அன்றும் ஆடினான். பிறகு ஒன்பதாம் மாடிக்கு வந்தான். அங்கே இருட்டு நின்றது.

கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. உடனே மேல்தளத்தில் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டாள். அவர்களும் ஒரு நொடி தாமதிக்காமல் இறக்கினார்கள். கயிறு நன்றாக இருந்தது, பெல்ட் நன்றாக இருந்தது, இதயம்தான் நின்றிருந்தது. யார் மேலும் பழி சொல்ல வழி இல்லாத சாவு. அதுவே ஒரு பெரிய பாரமாக இருந்தது அவளுக்கு. திட்டுவதற்காவது ஓர் ஆள் வேண்டாமா?

விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது வானம் மூடியிருந்தது. சில நாள் அப்படியே போயிற்று. பிறகு ஒரு காலை திரை பளிச்சென்று பச்சையானது. கொஞ்ச நேரத்தில் கிழக்கு முகத்தில் மேல் மாடிக் கட்டம் ஒன்று இருண்டது.

"மேல யாரு இறங்கறது?" என்று மேல்தளத்தைக் கேட்டாள்.

"யாரும் இல்லையே. கயிறெல்லாம் சுருட்டி வச்சிருக்கு."

இருட்டு அடுத்த மாடிக்கு வந்தது. பிறகு அடுத்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு படம் எடுக்கும் நேரம் நின்று. அவள் படியேறி வெளியே ஓடி, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். கிழக்கு முகம் துடைத்துவிட்டாற்போல் மின்னியது. கயிறு இல்லை, ஆள் இல்லை, ஒரு காக்கைகூட இல்லை. கீழே வந்து பார்த்தால் இருட்டு இரண்டு மாடி இறங்கியிருந்தது. ஒன்பதாம் மாடியில் வந்து நின்றது. வெயில் திரும்பும்வரை நின்றுவிட்டுப் போயிற்று.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதல் சில நாள் திரையைப் பார்க்கவே பயந்தாள். அப்புறம், சொல்லக் கூச்சமாக இருந்தாலும், பழகிவிட்டது. வெயில் வந்தால் வருகிறான், மேகம் போட்டால் லீவு. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தானே. பச்சைக்கு நடுவில் அந்த மங்கல் இறங்கும்போது அவள் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊஞ்சல் மட்டும் ஆடுவதில்லை.

வினை கம்ப்யூட்டர் வழியாக வந்தது. கட்டங்களைக் கண்காணிக்கும் நிரலுக்கு மனிதன் தெரியாது, பேய் தெரியாது. ஒரு கட்டம் காரணமின்றி மங்கினால் அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: 'அழுக்கு. ஆள் அனுப்பவும்.' நாள் தவறாமல் கேட்டது. தன் புருஷனை ஓர் இயந்திரம் அழுக்கு என்று சொல்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிவிட்டு, காரணம் கேட்ட இடத்தில் 'பறவை' என்று அழுத்தினாள்.

ஒருநாள் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, அது என்ன பறவை? மேலேருந்து மாடி மாடியா இறங்குது, ஒன்பதுல போய் ஆபீசர் மாதிரி உக்காருது?"

"தெரியல சார்."

"கண்ணாடி போட்ட கம்பெனி என் கழுத்தைப் பிடிக்குது. ஒரு ஆளை இறக்கிப் பாத்துடுவோம். பல்லியோட தம்பியும் கயித்து வேலைதானே, அவனுக்குச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல."

"வெயில்லயா சார்?"

"வெயில்லதானே கோளாறு தெரியும்? உனக்குத் தெரியாததா?"

அவள் கொழுந்தனைச் சாமான் அறையில் பிடித்தாள். கயிறுகளைத் தரையில் விரித்து விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனைவிட ஒல்லி, வாய் மட்டும் அதே வாய்.

"நாளைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"ஏன் அண்ணி? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கயிற்றை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை.

"அண்ணன்தான்னு எப்படித் தெரியும்?"

"இறங்கற தினுசு தெரியாதா எனக்கு?"

"அப்ப எனக்கென்ன பயம்? சின்ன வயசுலேருந்து அவன் முதுகுக்குப் பின்னாடிதானே நான் ஒளிஞ்சுக்கிட்டேன்."

"லூசு மாதிரி பேசாத. அது ஒன்பதுக்குக் கீழ வந்ததே இல்ல. நீயும் அங்கேயே நின்னுட்டா? உங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவன் கயிற்றை மறுபடி கையில் எடுத்தான். பிறகு, "நான் போகலன்னா வேற ஒருத்தனை இறக்குவாங்க அண்ணி," என்றான். "அவனுக்கு இது யாருன்னுகூடத் தெரியாது."

அவள் குனிந்து கயிற்றின் மறுமுனையைத் தானும் விரலால் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் மேகம் மூடட்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தாள். வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

கொழுந்தன் இறங்கத் தொடங்கினான். அவனுடைய இருட்டு மெல்லியது, ஒரு கட்டத்தில் பாதியைத்தான் அடைத்தது. அவன் சில மாடிகள் தாண்டிய பிறகு, அவனுக்கு நேர் மேலே, உச்சிக் கட்டம் இருண்டது.

"மேல பாரு," என்றாள் வாக்கியில்.

"பாத்துட்டேன். வானம்தான் அண்ணி இருக்கு."

"சீக்கிரம் இறங்கு. படம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், இறங்கு."

மேலிருந்த இருட்டு அன்று நின்று நின்று வரவில்லை. மாடிகளை விழுங்கிக்கொண்டு வந்தது. அவன் பத்தாம் மாடிக்கு வந்தபோது அது பதினொன்றில் இருந்தது. ஒன்பதில் அவன் கால் வைத்ததும் இரண்டும் ஒன்றாயின. அந்தக் கட்டம், ராத்திரியில் மட்டுமே அவள் பார்த்திருந்த கறுப்புக்குப் போயிற்று.

"அண்ணி," என்றான் கொழுந்தன். அவன் குரலில் தூக்கம் இருந்தது. "இங்க குளுகுளுன்னு இருக்கு."

"என்னடா சொல்ற? வெயில் மண்டைய பிளக்குது."

"இல்ல. யாரோ முதுகுக்குப் பின்னாடி நின்னு வெயிலை மறைக்கற மாதிரி. நல்லா இருக்கு. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்."

"டேய், இறங்குடா!"

வாக்கியில் காற்று மட்டும் இரைந்தது. பக்கத்து நாற்காலிக்காரி மேல்தளத்துக்குக் கூப்பிட்டு, இறக்குங்கள் என்று கத்திக்கொண்டிருந்தாள். கயிறு பிடியில் சிக்கிவிட்டது, நகரவில்லை என்று அங்கிருந்தும் கத்தினார்கள். திரையில் எல்லாக் கண்ணாடியும் பச்சையாக எரிய, நடுவில் ஒன்று மட்டும் ஓட்டை விழுந்ததுபோல் இருந்தது.

அவள் வாக்கியை வாயருகே கொண்டுபோனாள். இத்தனை நாளும் அந்த நிழலிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் போய்விடுமோ என்ற பயம். இப்போதும் அந்தப் பயம் இருந்தது, ஆனாலும் பொத்தானை அழுத்தினாள்.

"என்னங்க," என்றாள். "அவன் சின்னப் பையன். அவனுக்கு வழி தெரியாது. நீங்க கீழ கூட்டிட்டு வாங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

"நானும் இனிமே உங்களை அங்க நிறுத்தி வச்சுக்கமாட்டேன். தரை வரைக்கும் வந்துடுங்க. ரெண்டு பேரும்."

ஒன்பதாம் மாடிக் கட்டம் மெல்லத் தெளிந்தது. எட்டு இருண்டது. பிறகு ஏழு. கயிறு தானாக விட்டுக்கொடுத்தது என்றார்கள் மேல்தளத்தில். அந்தக் கறுப்பு, மாடி மாடியாக, ஒரு முறையும் தயங்காமல் இறங்கிக் கடைசிக் கட்டத்துக்கு வந்து, திரையின் அடியில் மறைந்தது.

அவள் வெளியே போனபோது கொழுந்தன் நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். பெல்ட்டைக் கழற்றக்கூட இல்லை. கை பனிக்கட்டியாக இருந்தது. சுற்றி நின்றவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு கேமராவை அவளிடம் நீட்டினான்.

"ஒன்பதாம் மாடில கை தானா அழுத்தியிருக்கு போல."

வெப்பக் கேமராவில் சூடான கண்ணாடி மஞ்சளாக இருக்கும், நிழல் விழுந்து ஆறிய இடம் நீலமாக இருக்கும். படத்தில் கண்ணாடி முழுக்க மஞ்சள். நடுவில் நீலமாக ஓர் ஒல்லி உருவம், கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி. அதன் பின்னால், அதைவிட ஒரு தலை உயரமாக, அகலமான தோள்களுடன் இன்னொன்று. அதன் ஒரு கை ஒல்லி உருவத்தின் தோளுக்கு மேலாக நீண்டு கயிற்றைப் பிடித்திருந்தது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இறுக்கிப் பிடிச்சானா, இறக்கிவிட்டானா அண்ணி?" என்று அவன் கேட்டான்.

"கீழ வந்துட்டல்ல," என்றாள் அவள்.

மறுநாளும் நல்ல வெயில். அவள் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கிழக்கு முகம் கறையில்லாமல் பச்சையாகவே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்து, "பாத்தியா? ஆளை இறக்கித் துடைச்சதும் போயிடுச்சு. எல்லாம் அழுக்குதான்," என்று சொல்லிவிட்டு நல்ல மனநிலையில் போனார். அவள் தலையாட்டினாள். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அடக்கம் செய்த நாளில் இப்படி அழவில்லை.

கொழுந்தன் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டான், தரையில் நின்று செய்கிற வேலை. அவள் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். எதிர்வரிசையில் உயரமான கட்டடங்கள் இருப்பதால், காலை வெயில் கிழக்கு முகத்தின் உச்சி மாடியில்தான் முதலில் படுகிறது. பிறகு திரையில் பச்சை ஒவ்வொரு மாடியாக இறங்கித் தரைக்கு வருகிறது; அவள் பேனாவை வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.