இரண்டு விரல் இடப்பக்கம்

அன்று மதியம் அந்த அறையில் இருந்தவர்கள்: கோல்ஃப் சொல்லித்தரும் மாமா. முன்பதிவு நோட்டைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி, அதாவது இவளுடைய அக்கா. மூன்று மணி வகுப்புக்கு அரைமணி முன்னாலேயே வந்து சோபாவை நிரப்பியிருந்த பல் டாக்டர். அப்புறம் இவள், கையில் ஒரு நூல்கண்டோடு.

பெரிய அறை ஒன்றுமில்லை. பச்சை விரிப்பு, பத்தடி தள்ளி வெள்ளைத் திரை, பந்துக்குப் பின்னால் தரையில் ஒரு கறுப்புப் பெட்டி. அடித்த பந்து திரையில் மோதிப் பொத்தென்று விழும். வெளியே அடித்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று பெட்டிதான் கணக்குப் போட்டுத் திரையில் காட்டும். அங்கே பெட்டி வைத்ததுதான் சட்டம்.

இவள் பந்து வலப்பக்கம் ஓடுகிறது என்று ஒரு மாதம் முன்பு பெட்டி சொன்னது. மாமா பிடியை மாற்றினார். மட்டையின்மேல் இரண்டு கையையும் வலப்பக்கம் திருகினார், தோளை அடக்கச் சொன்னார், இடுப்பை முந்தவிடச் சொன்னார். பத்து வருஷம் உடம்பில் ஊறிய வீச்சைத் துண்டு துண்டாகக் கழற்றி மாட்டினார். திரையில் பந்து நேரானது. நாளை மறுநாள் கிளப் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். வயது வரம்புப்படி இவளுக்கு இதுதான் கடைசித் தடவை.

காலையில் திறந்த மைதானத்தில் நாற்பது பந்து அடித்துப் பார்த்தாள். அத்தனையும் இடப்பக்க வேலியோரம், கொட்டி வைத்த மாதிரி ஒரே இடத்தில் கிடந்தன. கையில் கோளாறு என்றால் பந்து நாலா பக்கமும் சிதறும். இது சிதறவே இல்லை. குறியே தப்பு.

"மாமா, இந்த நுனியைத் திரைக்கு நடுவுல பிடிங்க."

"எதுக்கு, வீடு கட்டப்போறியா?"

"பிடிங்க."

அவர் அசையவில்லை. டாக்டர்தான் முனகிக்கொண்டே எழுந்து பிடித்தார். விரிப்பின் நடுக்கோட்டின் மேலேயே நூலை இழுத்துப் பெட்டிவரை கொண்டுவந்தாள். பெட்டியின் மூக்கு நூலைவிட்டு இரண்டு விரல் இடப்பக்கம் திரும்பியிருந்தது. மூக்கு பார்க்கும் திசைதான் பெட்டிக்கு நேர்; நேராகப் போன பந்தும் அதன் கணக்கில் வலப்பக்கம்.

"சோபா போட இடம் பண்ணப்போ இதை நகர்த்தி வெச்சது யாரு?"

"ரெண்டு விரலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? கை வணங்கலன்னா பெட்டி மேல பழி போடுறது."

இவள் குனிந்து பெட்டியை நேராக்கினாள். மாமா கற்றுத்தந்த பிடியிலேயே மூன்று பந்து அடித்தாள். மூன்றும் திரையில் இடப்பக்கம் போய் விழுந்தன.

"அப்போ ஒரு மாசமா என் இடுப்பை ஒடிச்சது?" என்றார் டாக்டர்.

"டாக்டர், நீங்க உட்காருங்க."

"உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலையே. அதைத்தானே கேக்குறேன்."

மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. இவள் அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"ரெண்டே நாள் மாமா. பெட்டி இப்படியே இருக்கட்டும். பழைய பிடியில அடிச்சுக்கறேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

மாமா நிதானமாக வந்தார். செருப்பு நுனியால் பெட்டியைப் பழைய கோணத்துக்கே தள்ளினார்.

"என் இடத்துல இது இப்படித்தான் இருக்கும்."

"தெரிஞ்சேவா?"

"சோறு போட்ட வீட்டுல நூல் பிடிச்சுப் பார்க்குற கழுதைக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்?"

டாக்டர் பையை எடுத்துக்கொண்டார். அடுத்த வாரத்துக்கு நேரம் எழுதட்டுமா என்று அக்கா கேட்டாள். "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா நோட்டை மூடினாள். "திருப்தியா? இன்னும் ஏழு பேர் இருக்காங்க. அவங்ககிட்டயும் போய்ச் சொல்லுவியா?"

"கேட்டா சொல்லுவேன்."

"அவரைப் பத்தி நினைச்சியா? என்னைப் பத்தி?"

"ஒரு மாசமா நீங்க என்னைப் பத்தி நினைச்ச அளவுக்கு நினைச்சேன்."

அக்கா எழுந்து வந்தாள். இவளுடைய மட்டைப் பையைத் தரதரவென்று இழுத்துப்போய் வெளி நடையில் போட்டாள்.

"மைதானத்தை ஆறு மணிக்கு மூடிடுவாங்க. கிளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராதே."

இவள் கையிலிருந்த மட்டையோடு வாசலைத் தாண்டினாள். குனிந்து பையைத் தூக்குவதற்குள் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு இரண்டு சுற்றுச் சுற்றியது.