ஆறு மாதம் வரை சிவப்பு

"ஏளா வடிவு, பிள்ளைக்கு மூணு மாசங்கூட முழுசா ஆகல. காது குத்த என்னளா அவசரம்?" என்று மாமியார் ஆறுமுகத்தாய் வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

என்னத்தைச் சொல்ல? வடிவு தூத்துக்குடிப் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். தெரிந்து தொலைத்ததுதான் வினை. மூத்தவனும் பிறந்தபோது இப்படித்தான் செக்கச்செவேலென்று கொழுகொழுவென்று இருந்தான். ஆறாம் மாதம் வெளுக்க ஆரம்பித்தான். ரத்தம் ஏற்றி ஏற்றிப் பார்த்தும் மூன்று வயதைத் தாண்டவில்லை. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட வீட்டில் தாய்வழி பாதி, தகப்பன்வழி பாதியாக வந்து சேர்ந்த கோளாறு என்றார் டாக்டர்.

கருவில் ரத்தம் ஊற ஒரு ஜீன் உண்டு, பிறந்த பிறகு வேறொன்று. இவர்கள் வீட்டில் கெட்டது இரண்டாவது. முதல் ஜீன் ஓடுகிறவரை பிள்ளை சிவப்பாகத்தான் இருக்கும். அப்புறம் ஏதோ ஒரு புரதம் வந்து அதன்மேல் உட்கார்ந்து அதை அடக்கிவிடும் போல. பாக்டீரியாவில் அப்படி உட்காரும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மனுஷப் பிள்ளைக்குள் எங்கே உட்காருகிறது என்று இந்த எழுபத்தாறாம் வருஷத்திலும் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் அந்தப் பாழாய்ப்போனதைப் பிடித்துத் தள்ளி முதல் ஜீனையே ஓடவிட மாட்டார்களா!

சின்னவனுக்கும் அந்தக் கோளாறு உண்டா என்று ஆறு மாதம் போனால்தான் தெரியும். அதற்குள் எல்லாரும் ஒரு நாளாவது சிரித்துவிடட்டும் என்றுதான் திருச்செந்தூருக்கு இழுத்து வந்திருந்தாள். புருஷன் சிவசுப்பிரமணியனிடம்கூட மூச்சு விடவில்லை.

அண்ணன் சங்கரபாண்டியன் மடியில் வைத்து ஆசாரி காது குத்தினார். பிள்ளை வீறிட்டது. காதில் துளிர்த்ததை அண்ணன் வேட்டி நுனியால் துடைத்தான்.

"எம் மருமவன் ரத்தத்தப் பாத்தியளா, என்னா சிவப்பு! எம் பொண்ணு இவனுக்குத்தான். இப்பவே சொல்லிட்டேன்."

"வேண்டாம்ணே!"

எல்லாரும் திரும்பினார்கள். அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. "ஏன்ளா, எம் பொண்ணு ஒனக்கு எளப்பமாப் போச்சோ?"

வடிவு வாய் திறந்தால் அழுதுவிடுவாள். பிள்ளை வாழாமல் போகலாம் என்று சந்நிதியில் நின்று எந்தத் தாய் சொல்லுவாள்?

"மச்சான், அவள ஒண்ணும் கேக்காதிய," என்றான் சிவசுப்பிரமணியன். "பிள்ளைக்கு ஆறு மாசம் முடியட்டும். பொறவு பேசுவோம்."

வடிவு திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சின்னவனுக்கும் ஆறு மாதக் கெடு உண்டு என்று அவள் அவனிடம் சொன்னதே இல்லை.

அவன் அவளைப் பார்க்கவில்லை. பிள்ளையை வாங்கி, அதன் கீழ் இமையைப் பெருவிரலால் மெல்ல இழுத்து உள்ளே வெளுத்திருக்கிறதா என்று பார்த்தான். தினமும் பார்த்துப் பழகிய கை அது.