ஜன்னலோர ரயில்

வேட்டி நிற்கவே மாட்டேன் என்றது. குருமூர்த்தி ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்க, வத்சலா மறுபக்கத்திலிருந்து துணியைக் கணவரின் இடுப்புக்கு அடியில் தள்ளினாள். ஆஸ்பத்திரிப் பிணவறையின் ஜெர்மன் ஊழியர் உதவ வந்தார். அவ்வளவு நீளத் துணியில் எது தலைப்பு, எது முடிவு என்று புரியாமல் மரியாதையாக விலகி நின்றுகொண்டார். உயிரோடு இருந்தபோதும் சேஷாத்ரிக்கு வேட்டி இடுப்பில் நின்றதில்லை. ஜெர்மனிக்கு, கோட்டிங்கன் நகருக்கு வந்த பிறகு ஆவணி அவிட்டத்துக்கு மட்டும் கட்டுவார், அதுவும் பெல்ட் போட்டு.

முந்தின நாள் காலையில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குப் போனவர், மாடிப்படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அது எழுபத்தொன்றாம் வருஷத்து டிசம்பர். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்துதான் தகனம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே எரித்துவிட்டு வந்து வீட்டைக் கழுவிவிடும் ஊரில் பிறந்தவளுக்கு அது மண்டையில் ஏறவில்லை. இத்தனை நாள் அவர் எங்கே இருப்பார் என்று மட்டும் கேட்டாள். இங்கேதான், குளிர் அறையில், என்றார் ஊழியர்.

கட்டி முடித்ததும் கோட்டை மாட்டிக்கொண்டாள். தினமும் கிளம்பும்போது சொல்வது தானாக வாயில் வந்தது.

"அப்போ நான் போயிட்டு வரேன். நீங்க சீக்கிரம் ஆத்துக்கு வாங்கோ. ரயில் பாதியில நிக்கறது."

"மன்னி!" என்றான் குருமூர்த்தி. சேஷாத்ரியிடம் ஆராய்ச்சி செய்ய வந்தவன். முகம் வெளுத்துவிட்டது.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. செத்தவரை வீட்டுக்கு வா என்று அழைக்க ஒருவருக்கும் நாக்கு எழாது. வத்சலா இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டாள்.

"வாய் தவறிடுத்து" என்றாள்.

பாதியில் நின்ற அந்தப் பொம்மை ரயில், தரைத்தளத்து வீட்டின் தெரு ஜன்னலை ஒட்டிய மேஜையில் இருந்தது. பெண் சாந்தாவுக்காக என்று சொல்லி சேஷாத்ரி தனக்காக வாங்கியது. ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர், சனிக்கிழமைதோறும் நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து பிளாஸ்டிக் கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். சிவப்பு இன்ஜின். பச்சை மரம் ஏற்றிய ஒரு பெட்டி. பனி விழுந்தாற்போல் வெள்ளைக் கூரை வைத்த இன்னொன்று. கிறிஸ்துமஸுக்குத் தெருப் பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. கடைசிப் பெட்டி மட்டும் பாக்கி. அதற்கான கட்டைகள் காபி டபராவில் கிடந்தன. காலையில் பார்த்தபோது அடிப்பலகையைத் தவிர ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். அடிப்பலகைக்குச் சக்கரங்கள் மாட்டியிருந்தன.

"சாந்தா பண்ணியிருப்பா, மன்னி" என்றான் குருமூர்த்தி.

சாந்தா நேற்றிலிருந்து மாடியில், வீட்டுக்காரி ஃபிராவ் பெக்மனிடம் இருந்தாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தது. வீட்டுச் சாவி வத்சலாவின் கைப்பையில் இருந்தது. குருமூர்த்தி அதைக் கேட்கவும் இல்லை, காபிக்கு நிற்கவும் இல்லை.

மறுநாள் காலை பால் வாங்கப் போய்த் திரும்பியபோது, பெட்டிக்கு ஒரு பக்கச் சுவர் எழும்பியிருந்தது. சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி, நடுவில் ஒரு குட்டி ஜன்னல். மேஜைக்கு முன்னால் நாற்காலி சற்றுத் திரும்பியிருந்தது. அவர் எழுந்தால் நாற்காலியை உள்ளே தள்ளமாட்டார். அதற்காக அவள் திட்டாத நாளில்லை.

பயந்திருக்க வேண்டும். பயமும் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம், பொங்கி வந்தது. கூப்பிட்டாள், வந்துவிட்டார். வெளிநாட்டில் தனியாகக் கிடக்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

டபராவில் எட்டிப் பார்த்தாள். கட்டைகள் குறைந்திருந்தன. பெட்டி முடிந்துவிட்டால் அவருக்கு இங்கே வர வேலை இல்லை. இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு எந்த சாஸ்திரமும் தேவைப்படவில்லை. சுவரை நகத்தால் நெம்பிக் கழற்றினாள். எல்லாவற்றையும் திரும்ப டபராவில் போட்டாள். கணப்பை அணைத்துவிட்டு, வேலை ஒன்றும் இல்லாமலே வெளியே போய் நடந்துவிட்டு வந்தாள். சுவர் மறுபடி எழும்பியிருந்தது.

வீட்டில் ஆள் இருந்தால் ஒன்றும் நடக்காது என்பதையும் தெரிந்துகொண்டாள். அதனால் கிளம்பிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனாள். காலியான கடைத்தெருவுக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, வேண்டுமென்றே, "போயிட்டு வரேன்" என்றாள். திரும்பியதும் பிரித்துப் போட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் அவள் நடந்து திரும்பியபோது, ஃபிராவ் பெக்மன் சாந்தாவோடு வாசலில் நின்றிருந்தாள். பிள்ளைகளோடு ரயில் பார்க்க இறங்கி வந்ததாகச் சொன்னாள். மற்ற பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினாள்.

சாந்தா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அம்மா, அப்பா உள்ள உக்காந்துண்டிருந்தா. நான் கண்ணாடியத் தட்டினேன். திரும்பவே இல்ல."

வத்சலா ஜன்னலைப் பார்த்தாள்.

"கையைக் கக்கத்துல வெச்சுண்டு நடுங்கிண்டிருந்தா. அப்பறம் கட்டைய எடுக்கறா, கீழ விழறது. மறுபடியும் எடுக்கறா. அப்பாக்கு ரொம்பக் குளிர்றதும்மா."

"குழந்தைகள் அப்படித்தான் எதையாவது சொல்லும்" என்றாள் ஃபிராவ் பெக்மன். ஆனால் படியேறும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

உள்ளே மேஜைக்கு அடியில் கட்டைகள் சிதறிக் கிடந்தன. கணப்பு செத்துக் கிடந்தது, இரண்டு நாளாக அவள் அணைத்துப்போட்டுப் போன கணப்பு. அவரோ மார்கழிக் குளிரில் மெட்ராஸிலேயே மஃப்ளர் சுற்றிக்கொண்ட மனிதர். குளிர் அறையிலிருந்து குளிர் வீட்டுக்கு அவரை இழுத்து, விறைத்த விரலால் கட்டச் சொல்லி, கட்டியதைப் பிரித்துப் போட்டு, மறுபடி கட்டச் சொல்லியிருக்கிறாள். பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அழுகை அப்போதுதான் வந்தது. சாந்தா பயந்து நிற்பதைப் பார்த்தும் அடக்க முடியவில்லை.

பிறகு கணப்பில் கரி போட்டாள். தரையில் உட்கார்ந்து கட்டைகளைப் பொறுக்கினாள். அதுவரை ஒரு கட்டையைக்கூட அவள் மாட்டியதில்லை. சாந்தாதான் எது எங்கே என்று சொல்லிக்கொடுத்தாள். கடைசிச் சுவர் கொஞ்சம் கோணிவிட்டது. கூரையை வைத்து அழுத்தி, இன்ஜினுக்குப் பின்னால் பெட்டிகளை வரிசையாகக் கோத்து நிறுத்தினாள். அதற்கப்புறம் தகனம் வரைக்கும் வீட்டைவிட்டு அவள் நகரவே இல்லை.

தகன மண்டபத்தில் யாரோ ஆர்கன் இசைத்தட்டைப் போட்டார்கள். குருமூர்த்தி தெரிந்த மந்திரத்தைச் சொல்லி வாய்க்கரிசி போட்டான். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் வத்சலா குனிந்தாள்.

"முடிச்சுட்டேன். இனிமே ஒண்ணும் பாக்கி இல்லை. நீங்க போங்கோ."

போயிட்டு வாங்கோ என்றுதான் கல்யாணமான நாளிலிருந்து அவரை அனுப்பி வைத்திருக்கிறாள். குருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான்.

வீடு திரும்பியபோது ரயில் அவள் நிறுத்தின இடத்தில் நின்றது. நாற்காலி மேஜையோடு ஒட்டியிருந்தது. குருமூர்த்தி வாசலோடு, எதுவும் சொல்லிக்கொள்ளாமல் போனான். சாந்தாவை மாடிக்கு அனுப்பிவிட்டுக் குளித்து வந்தாள்.

ஈரத் தலையோடு கொஞ்ச நேரம் ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பெட்டியின் கூரையை மட்டும் நெம்பி எடுத்து டபராவில் போட்டாள். கதவைப் பூட்டிக்கொண்டு தெருமுனைவரை போய், குளிரில் நின்றுவிட்டு வந்தாள்.

கட்டைகள் டபராவிலேயே கிடந்தன.

பொழுது சாய்ந்துவிட்டது, கடைகள் எல்லாம் மூடியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கணப்பில் இன்னும் கொஞ்சம் கரியைப் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிளம்பினாள்.